வன்னியில் ஓர் இ.இ.ஜி. பட்டறை: எந்த மென்பொருளைத் தெரிவது?

இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவுகளைப் பகுத்தாயக் கற்றுக்கொடுக்கும் மூன்று நாள் பட்டறை ஒன்றைப் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ வைக்க நினைப்பவர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டியது மென்பொருளைப் பற்றித்தான். உலகில் அதிகம் புழங்குபவை நான்கு: இ.இ.ஜி.லாப், ஃபீல்ட்ரிப், பிரெயின்ஸ்ரோம், எம்.என்.இ.-பைத்தன். நான்கும் ஆய்வுலகில் மதிப்புப் பெற்றவை. ஒரே தரவை ஒரே அமைப்புகளோடு கொடுத்தால் நான்கிலும் அலைவரிசைப் படம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். எனவே தரத்தை வைத்துத் தெரிவு செய்ய அதிகம் இல்லை. பட்டறை முடிந்து மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவு, மன்னார் என்று வீடு திரும்பும் மாணவர் அடுத்த கிழமை தன் சொந்த மடிக்கணினியில் அந்த மென்பொருளைத் திறக்க முடியுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அப்படிப் பார்த்தால் மாணவர்களுக்கு எம்.என்.இ.-பைத்தன். நிரல் எழுதிப் பழகாத மருத்துவர்களும் தாதியரும் தொழினுட்பவியலாளரும் வருகிற பட்டறை என்றால் பிரெயின்ஸ்ரோம். மற்ற இரண்டுக்கும் மட்லாப் என்ற கட்டணக் கணிப்பு மென்பொருளின் உரிமம் உள்ள இடத்தில் மட்டும் இடமுண்டு.

மட்லாப் இருக்கிறதா?

இ.இ.ஜி.லாப்பை ஆர்னோ டெலோர்ம், ஸ்கொட் மக்கெய்க் இருவரும் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து 2004 இல் ஆய்விதழில் அறிமுகப்படுத்தினார்கள். ஃபீல்ட்ரிப் நெதர்லாந்தின் நைமேகன் நகர் டொண்டர்ஸ் நிறுவனத்தில் வளர்ந்தது. இரண்டும் இலவசம். ஆனால் இரண்டும் மட்லாப்பின் மேல் ஓடுகின்றன, அது இலவசமில்லை. பல்கலைக்கழகத்தில் உரிமம் இருந்தாலும் அது எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம் என்ற எண்ணிக்கையோடு வரலாம், வளாக வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகலாம். இருபது இருக்கை உரிமத்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போது இருபத்தோராவது ஆளுக்கு உரிமம் இல்லை என்று செய்தி வந்தால் முதல் நாள் காலை முழுவதும் அதிலேயே போய்விடும். விண்ணப்பிப்பதற்கு முன்பே கணினிப் பிரிவிடம் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எத்தனை இருக்கைகள், வளாகத்துக்கு வெளியே வேலை செய்யுமா, மட்லாப்பின் துணைப்பொதியான சமிக்ஞைச் செயலாக்கக் கருவிப்பெட்டியும் அதில் அடங்குமா. உடைத்த பதிப்பு ஒன்றை யாராவது பென்டிரைவில் கொண்டுவருவார். அதைக் கணினிக்கூடத்துக்குள் விடவே கூடாது. நச்சுநிரலோடு வருவது ஒருபுறம், அதில் செய்த வேலையை நாளை ஒரு கட்டுரையில் நேர்மையாகக் காட்டவும் முடியாது.

உரிமம் சரியாக இருந்தால் இ.இ.ஜி.லாப் கற்பிப்பதற்கு மிக நல்ல கருவி. பட்டியலில் சொடுக்கிச் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் உரிய கட்டளையை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. வரலாற்றைக் கேட்டால் அத்தனையையும் வரிவரியாகத் தருகிறது. சொடுக்கத் தெரிந்தவரை நிரலுக்குள் கூட்டிப்போக இதைவிட இலகுவான வழி இல்லை. கலந்து பதிவான அலைகளைக் கணக்கால் தனித்தனி மூலங்களாகப் பிரித்தெடுத்த கூறுகளை மூளை, கண், தசை, இதயம், மின்கம்பி இரைச்சல், மின்வாய் இரைச்சல், மற்றவை என்று ஏழாக வகைப்படுத்தும் ஐ.சி.லேபல் என்ற துணைச்செயலியும் இதற்காக உருவானதே. (இப்போது அதை எம்.என்.இ.யிலும் பாவிக்கலாம்.)

இங்கே நடக்கும் முதல் பிழை நிறுவும்போதே நடக்கிறது. மட்லாப்பின் பாதைப் பட்டியலில் இ.இ.ஜி.லாப் கோப்புறையைச் சேர்க்கும்போது உட்கோப்புறைகளையும் சேர்த்துவிடுவார்கள். அப்போது உள்ளே இருக்கும் சில கோப்புகள் மட்லாப்பின் சொந்தக் கட்டளைகளை மறைத்துவிடும், சம்பந்தமே இல்லாத இடத்தில் வழு வரும். மேல் கோப்புறையை மட்டும் சேர்த்துவிட்டு இ.இ.ஜி.லாப் என்று தட்டினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபீல்ட்ரிப்புக்கும் இதே விதிதான்.

மட்லாப் இல்லாமல், அதைப் போன்ற இலவச மென்பொருளான ஒக்டேவில் ஓடவிடலாம் என்று சொல்வார்கள். நிரல்கள் பெரும்பாலும் ஓடும். ஆனால் பட்டியல் முகப்பு தடுமாறும், கூறு பிரித்தலும் மெதுவாகும். தொடக்கநிலை வகுப்புக்கு அது வேண்டாம்.

ஃபீல்ட்ரிப்பில் பட்டியலே இல்லை, எல்லாம் எழுத்து. அமைப்புப் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டினால் பல இடங்களில் அது எதுவும் சொல்லாமல் இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டு போய்விடும். மாணவர் தான் கேட்டதுதான் நடந்தது என்று நம்பிக்கொண்டிருப்பார். கொத்து வரிசைமாற்றச் சோதனை என்ற புள்ளியியல் சோதனையில் அதன் பெயர் பெரியது. எரிக் மாரிஸும் ரொபர்ட் ஊஸ்டன்வெல்டும் 2007 இல் எழுதிய முறை அது. அந்தச் சோதனை எம்.என்.இ.யிலும் இருப்பதால் அதற்காக மட்டும் ஃபீல்ட்ரிப்புக்குப் போகத் தேவையில்லை.

பிரெயின்ஸ்ரோம்: சொடுக்கிப் பழகுபவர்களுக்கு

இதுவும் மட்லாப்பில் எழுதப்பட்டதுதான். ஆனால் தொகுத்த பதிப்பு ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். அதை ஓட்ட மட்லாப் ரன்டைம் என்ற இலவசத் துணைநிரல் வேண்டும். ரன்டைம் பெரிய கோப்பு, கைபேசித் தரவில் இறக்க நினைக்காதீர்கள். அதோடு பிரெயின்ஸ்ரோம் எந்தப் பதிப்பைக் கேட்கிறதோ அதே பதிப்பு வேண்டும். புதியதைப் போட்டால் இன்னும் நல்லது என்று எண்ணி வேறொன்றை இறக்கினால் நிரல் திறக்கவே திறக்காது.

நிரல் ஒரு கோப்புறையில், தரவுத்தளம் இன்னொரு கோப்புறையில் இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றை வைக்கக் கூடாது. பல கணினிக்கூடங்களில், மறுபடி தொடங்கும்போது சி டிரைவைப் பழைய நிலைக்கே திருப்பும் மென்பொருள் போட்டிருப்பார்கள். முதல் நாள் வேலை இரண்டாம் நாள் காலை காணாமற் போவது இதனால்தான். தரவுத்தளத்தை டி டிரைவில் வையுங்கள். அந்தக் கோப்புறையில் கோப்புகளைக் கையால் நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். எல்லாம் நிரலுக்குள்ளிருந்துதான் செய்ய வேண்டும்.

இதன் பெரிய பலம் பார்வை. ஒருவரின் எம்.ஆர்.ஐ. படம் கையில் இல்லாவிட்டாலும் ஐ.சி.பி.எம்.152 என்ற சராசரி மூளை மாதிரியை எடுத்து, அலை எந்தப் பகுதியில் எழுகிறது என்பதை மூளையின் மேலேயே வண்ணமாகக் காட்டும். மருத்துவருக்கு இது ஒரே பார்வையில் விளங்கும். அந்த வண்ணம் ஒரு மதிப்பீடுதான், ஸ்கான் படம் அல்ல என்பதைப் பயிற்றுநர் அந்தத் திரை திறந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

எம்.என்.இ.-பைத்தன்: நம் தெரிவும் அதன் பொறிகளும்

பைத்தன் இலவசம், எம்.என்.இ.யும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். அலெக்சாண்டர் கிராம்ஃபோர்ட் முதலானோர் 2013 இல் இதைப் பற்றி எழுதினார்கள். அதன் பின் வளர்ச்சி நிற்கவேயில்லை. எம்.என்.இ.க்காகக் கற்கும் பைத்தன் வேறு பத்து வேலைக்கும் உதவும் என்பதும் நம் பிள்ளைகளுக்குச் சிறிய விடயமல்ல.

நிறுவுவதை இணையத்தை நம்பி விடாதீர்கள். முப்பது கணினிகள் ஒரே ரவுட்டரில் ஒரே நேரத்தில் இறக்கத் தொடங்கினால் ஒன்றும் முடியாது. எம்.என்.இ. குழுவே தரும் முழு நிறுவியை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவுகளில் போட்டுக் கொடுப்பது முதல் வழி. பைத்தனும் எல்லாப் பொதிகளும் அதற்குள்ளேயே இருக்கும். ஏற்கெனவே பைத்தன் போட்டிருக்கும் கணினிகளுக்கு, பைத்தனின் நிறுவல் கட்டளையான பிப்பால் பொதிகளை ஒரு கோப்புறைக்குள் இறக்கி வைத்து, வலையமைப்பைத் தேடாதே, இந்தக் கோப்புறையில் எடு என்று சொல்லி நிறுவுவது இரண்டாவது வழி. இதில் ஒரு கண்ணி உண்டு. நம்பை, சைபை போன்ற கணிப்புப் பொதிகள் பைத்தன் பதிப்புக்கும் இயக்குதளத்துக்கும் ஏற்பத் தொகுக்கப்பட்டவை. 3.12 இல் இறக்கியது 3.11 உள்ள கணினியில் ஏறாது. எல்லாக் கணினியிலும் ஒரே பைத்தன் பதிப்பு என்பதைப் பட்டறைக்கு முதல் கிழமையே உறுதிப்படுத்துங்கள். பயனர் பெயரிலோ கோப்புறைப் பெயரிலோ தமிழ் எழுத்தும் இடைவெளியும் இருந்தாலும் சில நிறுவிகள் முரண்டுபிடிக்கும். சி டிரைவின் அடியில் ஆங்கில எழுத்தில் ஒரு சின்னக் கோப்புறை போதும்.

நினைவகம் 8 ஜி.பி. இருந்தால் பட்டறைக்குப் போதும். 64 மின்வாய்கள், செக்கனுக்கு 1000 மாதிரிகள், ஒரு மணிநேரப் பதிவு என்றால், எம்.என்.இ. ஒவ்வோர் எண்ணையும் 8 பைட்டாக வைப்பதால் ஏறத்தாழ 1.8 ஜி.பி. பிடிக்கும். மூலத்தை வைத்துக்கொண்டு வடிகட்டினால் இன்னொரு பிரதி. 4 ஜி.பி. கணினி அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட கணினிகளுக்குச் சிறு கோப்புகளைக் கொடுங்கள்.

இனி, வகுப்பில் எப்போதும் வருகிற பிழைகள்.

எம்.என்.இ. எல்லாவற்றையும் வோல்ட்டில் வைக்கிறது. இ.இ.ஜி.லாப் மைக்ரோவோல்ட்டில். 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளைத் தள்ளு என்று சொல்ல விரும்புபவர் வெறும் 100 என்று எழுதினால் அது நூறு வோல்ட். ஒரு துண்டும் தள்ளப்படாது, எச்சரிக்கையும் வராது. தள்ளப்பட்டவை எத்தனை என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்துங்கள். பூச்சியம் என்று வந்தால் அலகைச் சந்தேகியுங்கள்.

வடிகட்டலை, பதிவைத் துண்டுகளாக வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் இயல்பு வடிகட்டி 3.3 செக்கன் நீளம். 0.1 ஹேர்ட்ஸ் என்றால் அது 33 செக்கன். ஒரு செக்கன் துண்டின் மேல் 33 செக்கன் வடிகட்டியை ஓட்டினால் வருவதெல்லாம் ஓரச் சிதைவுதான். மேலே சொன்ன கூறு பிரித்தலுக்கு, அதாவது சுயாதீனக் கூறு பகுப்பாய்வுக்கு, 1 ஹேர்ட்ஸ் வெட்டு நல்லது. தூண்டல் எதிர்வினை அலைகளை அளக்க 0.1 போதும், கூட்டினால் மெதுவான அலைகள் உருமாறும். ஆகவே 1 ஹேர்ட்ஸ் பிரதியில் கூறுகளைக் கண்டுபிடித்து, 0.1 ஹேர்ட்ஸ் பிரதியிலிருந்து அவற்றைக் கழியுங்கள்.

கூறு பிரித்தலுக்குத் தரவு போதுமா என்று யாரும் கேட்பதில்லை. நடைமுறை விதி, மின்வாய் எண்ணிக்கையின் வர்க்கத்தை இருபதால் பெருக்கிய அளவு மாதிரிகளாவது வேண்டும் என்பது. 64 மின்வாய்க்கு 81,920 மாதிரிகள். செக்கனுக்கு 160 மாதிரி எடுத்த பதிவில் அது எட்டரை நிமிடம். ஒரு நிமிடப் பதிவில் 64 கூறுகளைப் பிரித்தால் கண்ணிமைப்பும் மூளை அலையும் கலந்து கிடக்கும். அதே பதிவில் 20 கூறுகள் மட்டும் கேட்டால் 8,000 மாதிரிகள் போதும், கண்ணிமைப்பு தனியே வந்து நிற்கும். இன்னொன்று, கெட்ட மின்வாய் இரண்டை அயலவற்றிலிருந்து நிரப்பி, எல்லாவற்றின் சராசரியையும் கழித்திருந்தால் 64 இல் உண்மையான தகவல் 61 தான். 64 கூறு கேட்டால் பொய்க் கூறுகள் பிறக்கும். கூறு பிரித்தல் எழுமாற்றாகத் தொடங்குவதால், அதன் தொடக்கத்தை நிர்ணயிக்கும் விதை எண்ணை எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுக்கவும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் பயிற்றுநர் மூன்றாம் கூறைப் பாருங்கள் என்னும்போது ஆளுக்கொரு படம் இருக்கும்.

மின்வெட்டுக்கு ஒரு வார்த்தை. யூ.பி.எஸ். இல்லாத மேசைக்கணினியில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் கோப்பைச் சேமித்துவிட்டே அடுத்ததைத் தொடங்க வேண்டும். மடிக்கணினி கொண்டுவரக்கூடியவர்கள் கொண்டுவரட்டும்.

தரவு: இறக்கியதா, இங்கே எடுத்ததா?

பயிற்சிக்குப் பிசியோநெட் என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் பொதுவில் கிடைக்கும் அசைவு, அசைவுக் கற்பனைத் தொகுப்பை எடுங்கள். 109 பேர், 64 மின்வாய்கள், செக்கனுக்கு 160 மாதிரிகள், ஆளுக்கு 14 ஓட்டங்கள். முதல் ஓட்டம் கண் திறந்தபடி, இரண்டாவது கண் மூடியபடி, இரண்டும் ஏறக்குறைய ஒரு நிமிடம். கோப்பு ஒன்று சுமார் 1.2 எம்.பி. தான். இருபது பேரின் முதல் இரண்டு ஓட்டங்களும் 50 எம்.பி.க்குள் அடங்கும். நிரலின் தானியங்கி இறக்கியை நம்பாமல், பென்டிரைவிலிருந்து இ.டி.எஃப். என்ற பதிவுக்கோப்பு வடிவிலேயே நேரடியாகத் திறக்கச் சொல்லுங்கள். மின்வாய்ப் பெயர்களின் பின்னால் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்கும் கட்டளை எம்.என்.இ.யிலேயே இருக்கிறது. நீக்காமல் தலை வரைபடத்தில் பொருத்தினால் ஒன்றும் பொருந்தாது.

முதல் பயிற்சி கண் மூடல்தான். பிடரி மின்வாய்களில் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் வரையான அல்ஃபா அலை கண்ணை மூடியதும் எழும்பும். சாளரத்தை (ஒரே தடவையில் கணக்கிடும் துண்டின் நீளத்தை) 2 செக்கனாக, அதாவது 320 மாதிரிகளாக, வைத்தால் 0.5 ஹேர்ட்ஸ் இடைவெளியில் 30 சாளரங்களின் சராசரி கிடைக்கும், மேடு தெளிவாகத் தெரியும். எல்லாரிலும் ஒரே உயரத்தில் வராது, சிலரில் தெரியாமலும் போகலாம். அதனால்தான் ஓர் ஆளோடு நிறுத்தாமல் இருபது பேர்.

கையைப் பொத்தித் திறக்கும் அசைவுப் பயிற்சிக்குப் போகும்போது, எந்த அசைவு எப்போது என்று கோப்பில் இட்டிருக்கும் குறிகளைக் கவனியுங்கள். டி1 என்ற குறி 3, 4, 7, 8, 11, 12 ஆம் ஓட்டங்களில் இடது கை. 5, 6, 9, 10, 13, 14 இல் அதே குறி இரண்டு கைகளும். டி2 அவ்வாறே வலது கை, பிறகு இரண்டு கால்கள். பிரித்துப் பெயரிடாமல் ஓட்டங்களை ஒட்டினால் வழு எதுவும் வராது, முடிவு மட்டும் குப்பையாகும். அமெரிக்கப் பதிவு என்பதால் மின்கம்பி இரைச்சல் 60 ஹேர்ட்ஸில் நிற்கும். நம் நாட்டில் அது 50. புத்தகத்தில் பார்த்த எண்ணைப் பாடமாகத் தட்டாமல், படத்தைப் பார்த்து மேடு எங்கே என்று கண்டபின் வெட்டட்டும்.

இங்கேயே பதிவு எடுத்துக் காட்டுவதும் நல்லதுதான், ஆனால் அரை நாளுக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் எடுத்து எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பது போதும். ஓபன்பி.சி.ஐ. சைற்றன் போன்ற எட்டு மின்வாய்ப் பலகை, செக்கனுக்கு 250 மாதிரி, மின்கலத்தில் ஓடுவது, இதற்குப் பொருந்தும். எட்டு மின்வாயில் கூறு பிரித்தலுக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது, அல்ஃபாவைக் காட்ட அது தாராளம்.

நம் ஊர்த் தலைக்கு நம் ஊர் முன்னேற்பாடு வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் பசை தோலைத் தொடாது, மின்தடை இறங்காது. முதல் நாள் மாலையே சம்பூ போட்டு முழுகச் சொல்லி, காலையில் எண்ணெய் வைக்க வேண்டாம் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். நெற்றி மின்வாய் வைக்கும் இடத்தில் திருநீறும் பொட்டும் இருந்தால் அவரிடம் கேட்டு, ஈரப் பஞ்சால் துடைத்து, தேய்ப்பான் பசையால் மெல்லத் தேய்த்துவிட்டு வையுங்கள். சாதாரண மின்வாய்களில் 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள், 10 வரை வேலைக்காகும். பங்குனி, சித்திரை வெயிலில் வியர்வை பெரிய வில்லங்கம். அலைக்கோடு முழுவதும் மெதுவாக ஏறி இறங்கும், அதை மூளை அலை என்று நினைத்துவிடக் கூடாது. குளிரூட்டி உள்ள அறையில் காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுவது நல்லது. கூரை விசிறி கம்பிகளை ஆட்டும். கம்பிகளைப் பின்னிச் சட்டைக் கழுத்தில் ஒட்டிவிடுங்கள். பதிவெடுக்கும் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டால் 50 ஹேர்ட்ஸ் மேடு இறங்குவதைக் கண்ணெதிரே காட்டலாம்.

எம்.ஆர்.ஐ. பகுதி வேண்டுமா?

விளம்பரத்தில் மூளைப் படிமவியல் என்று போட்டால் ஆட்கள் வருவார்கள். அதற்காக மூன்று நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து மூளை மேற்பரப்பை வரையும் ஃப்ரீசேர்ஃபர் ஒரு மூளையை முடிக்கப் பல மணிநேரம் எடுக்கும். எஃப்.எஸ்.எல். என்ற எம்.ஆர்.ஐ. பகுப்பாய்வு மென்பொருள் விண்டோஸில் நேரடியாக ஓடாது, உள்ளே லினக்ஸ் துணையமைப்பைப் போட வேண்டும். இரண்டையும் செய்து முடித்த வெளியீடாகக் காட்டினால் போதும். கையால் செய்ய வைக்க விரும்பினால் எஸ்.பி.எம். என்ற மென்பொருள் பொருந்தும். அதோடு கிடைக்கும் ஒலித் தூண்டல் தரவு சின்னது: 7 செக்கனுக்கு ஒரு முழு மூளை, மொத்தம் 96, முதல் 12 ஐ விட்டால் 84. அசைவுத் திருத்தம், சீரமைப்பு, மாதிரி பொருத்தல் என்று போய், ஒலி கேட்கையில் கன்னப் பொறிக்குப் பின்னுள்ள புறணி தூண்டப்படுவதை ஒரு பின்னேரத்துக்குள் காணலாம். எஸ்.பி.எம்.முக்கும் மட்லாப் அல்லது தொகுத்த பதிப்பு வேண்டும் என்பதால், பிரெயின்ஸ்ரோம் பட்டறையோடு இதைச் சேர்ப்பது இலகு.

நாள் ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் எம்.ஆர்.ஐ.யையும் நேரடிப் பதிவையும் விட்டுவிட்டு, கண் மூடல் பயிற்சி ஒன்றை முழுமையாகச் செய்யுங்கள்: திறத்தல், பெயர் திருத்தல், கெட்ட மின்வாய் குறித்தல், வடிகட்டல், கண்ணிமைப்பை நீக்கல், படம். எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளராவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவலில் சிக்கியவர் அங்கேயே நின்றுவிடுவார்.

மருத்துவமனையிலிருந்து உண்மையான நோயாளிப் பதிவுகளைப் பயிற்சிக்குக் கொண்டுவர யாராவது முன்வந்தால், உரிய நெறிமுறை அனுமதி எழுத்தில் இல்லாமல் வாங்காதீர்கள். அனுமதி இருந்தாலும் கோப்பின் பெயரை மாற்றுவதோடு வேலை முடியாது. இ.டி.எஃப். கோப்பின் தலைப்பில் முதல் 8 பைட்டுக்கு அடுத்த 80 பைட் நோயாளி விபரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெயரும் பிறந்த திகதியும் அங்கே அப்படியே கிடக்கும், அதன் பின்னுள்ள 80 பைட்டில் பதிவு விபரங்களும். எம்.என்.இ.யின் பெயர்நீக்கக் கட்டளையை ஓட்டி, புதிய கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தப் புதிய கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து முதல் வரியைக் கண்ணால் படித்துப் பார்த்த பிறகுதான் பென்டிரைவுகளுக்குப் பிரதி எடுக்க வேண்டும்.